வெட்டுவாய்க்காலின் வளைவு

எனக்குக் கோணல் ஆகாது. வேலி, வரம்பு, சுவர், மனிதர் சொல்லும் கதை, எல்லாம் நேராகப் போக வேண்டும். இது ஓவசியர் உத்தியோகத்தால் வந்த குணமா, பிறவி நோயா என்று என் மனைவி இன்னும் முடிவுகட்டவில்லை. அப்படிப்பட்ட நான் முன்னின்று செய்வித்த பெரிய வேலையே சீனன்குடா வெட்டுவாய்க்கால்தான். காட்டுக்குள்ளிருந்து துறைமுகம் வரைக்கும் கயிறு பிடித்தாற்போல வருகிற அந்த வாய்க்கால், நடுவில் ஓரிடத்தில் மட்டும் குடித்தவன் நடைபோல வளைந்து போகிறது. அந்த வளைவுக்காக மேலதிகாரியிடம் நான் வாங்கிக் கட்டியது கொஞ்சமல்ல.

வெள்ளைக்காரன் எண்ணெய்த் தாங்கிகளைக் கட்டிய காலத்தில், மழைவெள்ளம் அவற்றின் அடியில் நிற்காமல் கடலுக்குப் போகட்டும் என்று வெட்டிய வாய்க்கால் அது. கூடவே ஒரு பம்பு வீடு, உயரமான புகைக்கூண்டு, தள்ளுவண்டி ஓடச் சின்னத் தண்டவாளம் எல்லாம் இருந்தனவாம். அவன் போன பிறகு கவனிப்பாரில்லை. தொண்ணூறாம் ஆண்டுச் சண்டையில் அயலிலிருந்த சனமும் ஓட, வாய்க்கால் தூர்ந்து காடாகிவிட்டது. சுனாமிக்குப் பிறகு வந்த உதவிப் பணத்தில் ஒரு தொண்டு நிறுவனம் அதைத் திருத்தித் தந்தது. வாய்க்காலை அகலப்படுத்தி, கரையை உயர்த்திக் கிறவல் மண் போட்டு நடக்க வழியும் செய்தோம். ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் துருப்பிடித்த தாங்கிகள், இடிந்த சுவர்கள், விழுந்து கிடக்கும் புகைக்கூண்டு. சமாதான காலம் என்று சொல்லிக்கொண்டிருந்தபடியால் பகலில் சனம் நடக்க விட்டார்கள். இரண்டு முனையிலும் சென்றி, படைக்காரரின் காவலரண். அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு உள்ளே போய், திரும்பி வரும்போது வாங்கிக்கொள்ள வேண்டும்.

வாய்க்காலைப் பார்த்துக்கொள்ள நான் தினமும் போவேன்; அந்த வழியில் நடந்தவர்களில் ஒருத்திதான் கமலேஸ்வரி. ஐம்பது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, நிறம் போன நூல்சேலை, கையில் ஒரு பிளாஸ்டிக் போத்தல் தண்ணீர். நிலாவெளியில் தங்கையின் வீட்டிலிருந்து முதல் பஸ்ஸில் வருவாள். மற்றவர்கள் வாய்க்கால் கரையால் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போவார்கள். இவள் போவாள், திரும்புவாள், பாதி வழியில் பற்றைக்குள் இறங்குவாள், குனிந்து நிலத்தைப் பார்ப்பாள், மறுபடி கரையேறி விறுவிறுவென்று நடப்பாள். ஓரிடத்தில் நின்றதை நான் கண்டதில்லை. பார்த்துக்கொண்டிருந்தால் நமக்கே கால் உளையும்.

சென்றியில் நிற்கிறவர்களுக்கு அது பிடிக்குமா? ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, இந்த மனுசி என்ன தேடுகிறாள் என்று கேட்டார்கள். அந்தப் பக்கம் வெடி, கிளைமோர்க் கண்ணிவெடி என்று மெல்லமெல்லத் தொடங்கியிருந்த காலம். நிலத்தைக் குனிந்து பார்க்கிற எவரையும் சந்தேகிப்பார்கள். எனக்குத் தெரிந்த அரைகுறைச் சிங்களத்தில், வைத்தியர் சொல்லிக் கீரை தேடுகிறாள் என்று சொல்லிவிட்டேன். சொன்ன கையோடு எனக்குக் கோபம் வந்தது. முன்பின் தெரியாத ஒருத்திக்காக நான் ஏன் பொய் சொல்ல வேண்டும்?

அன்றைக்கே அவளைப் பிடித்துக்கொண்டேன். நான் கேட்டது கொஞ்சம் கடுமையாகத்தான் இருந்திருக்கும். அவள் பயப்படவில்லை. நடந்தபடியே சொன்னாள்; நானும் பின்னால் ஓடாத குறையாக நடந்துதான் கேட்டேன்.

தொண்ணூறில் அவளும் கணவன் குலசிங்கமும் மூன்று வயது மகளைத் தூக்கிக்கொண்டு இந்தக் காட்டுக்குள்ளால் ஓடி வந்தார்கள். றோட்டால் போக ஏலாது. வெயில் என்றால் அப்படியொரு வெயில். தூர்ந்த வாய்க்காலோரம் ஒரு பெரிய பொயிலர் கிடந்தது. ஆள் உயரத்துக்கு மேலே இரும்பு. அதன் நிழலில் ஒதுங்கினார்கள். பிள்ளைக்கு ஏற்கனவே காய்ச்சல். குடிக்க நல்ல தண்ணீர் இல்லை. அந்த நிழலிலேயே பிள்ளையின் உயிர் போய்விட்டது. குலசிங்கம் உடைந்த தகரத்தால் கிண்டிப் பிள்ளையைப் புதைத்தான். நரி கிண்டிவிடாமல், பொயிலரின் வாயடியில் சிதறிக் கிடந்த மஞ்சள் நிறக் கற்களைப் பொறுக்கி இவள் மேலே பரவினாள். நெருப்புத் தாங்குகிற சூளைக்கல் அது, வீட்டுச் செங்கல் மாதிரிச் சிவப்பில்லை. பிறகு வள்ளத்தில் இந்தியாவுக்குப் போனார்கள். மண்டபம் முகாமிலேயே குலசிங்கம் கண்ணை மூடினான். இவள் தனியாகத் திரும்பி வந்திருக்கிறாள்.

"அடையாளம் ஒண்டும் வைக்கேல்லயோ அக்கா?" என்று கேட்டேன்.

"பொயிலர்தான் தம்பி அடையாளம். கல்லு வைச்சால் எடுத்துப்போடுவினம், மரம் எண்டால் வெட்டிப்போடுவினம். உந்தப் பாரமான இரும்பை ஆர் அசைப்பினம் எண்டுதான் அவர் சொன்னவர்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இந்த ஊரில் அதைவிடப் பிழையான அடையாளம் வேறில்லை. சண்டை ஓய்ந்ததும் சனம் காட்டுக்குள் முதலில் இறங்கியது இரும்புக்குத்தான். தண்டவாளம், பம்பு, கப்பி, கதவுப் பிணைச்சல் வரைக்கும் லொறி லொறியாகப் போய்விட்டது. பழைய இரும்புக்காரன் விட்டுவைத்தது தாங்கிகளை மட்டும்தான். அதுவும் காவல் இருந்தபடியால். மரமென்றால் ஒருவேளை நின்றிருக்கும்.

"ஒருக்கா அதில இருந்து பேர் சொல்லிக் கூப்பிடோணும்," என்றாள். "வேற ஒண்டும் வேண்டாம். பிள்ளையை விட்டிட்டுப் போகேக்க நான் கூப்பிடேல்ல. சத்தம் போடாத எண்டு அவர் என்ர வாயைப் பொத்திப்போட்டார்."

இதைச் சென்றியில் போய்ச் சொல்ல முடியுமா? பிள்ளையைப் புதைத்த இடம் என்று ஒருவர் வாய் திறந்தால், எலும்பு யாருடையது, எப்போது புதைத்தது, வேறு யாரைப் புதைத்தார்கள் என்று கேள்வி வரும். நீதவான் வருவார், மண்வெட்டி வரும். மூன்று வயதுப் பிள்ளையைக் கிண்டி எடுத்துக் கொழும்புக்கு அனுப்புவார்கள். அவளுக்கு அது விளங்கியிருந்தது. அதனால்தான் கீரைக்காரி வேசம் அவளுக்கு நன்றாகவே பொருந்திவிட்டது. மறுநாளிலிருந்து ஒரு பையும் கொண்டுவந்தாள். உண்மையிலேயே வல்லாரை பிடுங்கிப் போட்டுக்கொண்டு தேடினாள்.

நானும் தேடத் தொடங்கினேன். என் மூளை நேர்கோட்டில்தான் வேலை செய்யும். பொயிலர் என்றால் புகை போக வேண்டும். ஆகவே அது புகைக்கூண்டுக்குப் பக்கத்தில்தான் இருந்திருக்கும். இதை அவளுக்கு விளக்கி, விழுந்த புகைக்கூண்டைச் சுற்றியே இரண்டு கிழமை அவளை நடக்க வைத்தேன். அங்கே ஒரு மஞ்சள் கல்கூட இல்லை. அவளுக்கும் திசை பிடிபடவில்லை. அன்றைக்குக் காடு, இன்றைக்கு வெட்டைவெளி. அன்றைக்கு வாய்க்கால் ஒரு பள்ளம், இன்றைக்குக் கரையே ஆள் உயரம். நிழல் விழுந்த பக்கம் மட்டும் நினைவிருக்கிறது என்றாள். நிழலுக்குரிய இரும்பு இல்லாமல் நிழலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

புகைக்கூண்டுக்குப் போகிற வழியில்தான் அந்த வளைவு. அங்கே அகலப்படுத்திய வாய்க்கால் நேராகப் போகவேண்டிய கோட்டில் இரண்டு பூவரசுகள் நிற்கின்றன. ஒன்றுக்கொன்று கையெட்டும் தூரம்தான். வேலை நடந்தபோது மண் வெட்டும் பெக்கோ இயந்திரம் ஓட்டிய கிண்ணியாக்காரர் அவற்றைக் கண்டதும் இயந்திரத்தை நிறுத்திவிட்டு இறங்கிவிட்டார். அது முஸ்லிம் பிள்ளையொன்றின் கபுறு, புதைகுழி என்றார். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் அடையாளத்துக்கு நட்ட மீஸான் கம்பு துளிர்த்து மரமாகியிருக்கிறது, இதற்குமேல் கத்தி வைக்க மாட்டேன் என்றுவிட்டார். கூலிக்கு நின்ற தமிழாட்களும் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். நான் கத்தினேன், வரைபடத்தைக் காட்டினேன். கடைசியில் வாய்க்கால்தான் வளைந்து கொடுத்தது.

கமலேஸ்வரி அந்த இடத்துக்கு வந்தால் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கரையின் மற்ற ஓரத்தால் போவாள். மரநிழலில் ஒருநாளும் ஒதுங்கியதில்லை. அவள் சற்று மெதுவாக நடந்த இடம் அது ஒன்றுதான்.

"ஆற்றையோ பிள்ளை," என்றாள் ஒருநாள். "பாருங்கோ தம்பி, சருகு கூட்டக்கூட ஆளில்லை. நானும் மாசக்கணக்கா நடக்கிறன், ஒருத்தரும் வந்து நிண்டதைக் காணேல்ல. இடம் தெரிஞ்சிருந்தும் வந்து பார்க்காமல் இருக்கிறாள். அவள் என்ன தாய்?"

அடையாளத்தோடு கிடக்கிற பிள்ளையின் தாய்மேல் அவளுக்குப் பொறாமை இருந்ததென்று நினைக்கிறேன். பொறாமைப்படுவதற்கும் அவளுக்கு வேறு யார் இருந்தார்கள்?

அதற்குப் பிறகு நிலைமை கெட்டது. சீனன்குடாப் பக்கம் ஒரு கிளைமோர் வெடித்தது. தேத்தண்ணிக்கடைகள் பின்னேரமே பூட்டின. ஹெலிகொப்டர் தாங்கிகளுக்கு மேலே சுற்றிச் சுற்றிப் பறந்தது. ஒரு காலை சென்றியில் அறிவித்தல் ஒட்டியிருந்தார்கள்: வருகிற வெள்ளியோடு வாய்க்கால் வழி மூடப்படும், அதற்குப் பிறகு யாரும் உள்ளே போகக்கூடாது. கமலேஸ்வரி அதை என்னிடம் இரண்டு தரம் வாசிக்கச் சொன்னாள். பிறகு அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு உள்ளே போனாள். அன்று அவள் நடந்த நடை நடையல்ல. கூட்டுக்குள் அடைத்த பிராணி சுற்றுவதுதான்.

எனக்கு நித்திரை வரவில்லை. கட்டிய வாய்க்காலைப் பூட்டப்போகிறார்கள் என்ற எரிச்சல் ஒரு பக்கம். இந்த மனுசி வெள்ளிக்குப் பிறகு எங்கே நடப்பாள் என்ற நினைப்பு இன்னொரு பக்கம். நிலத்தைத் தேடிப் பயனில்லை, இரும்பை எடுத்தவனைத் தேட வேண்டும் என்பது அப்போதுதான் என் நேர்கோட்டு மூளைக்கு எட்டியது.

கேட்டால் யார் சொல்வார்கள்? அனுமதியில்லாமல் எடுத்த இரும்பு. கடைகடையாக விசாரித்தேன், எல்லோரும் முகட்டைப் பார்த்தார்கள். தேத்தண்ணிக்கடை ஸுஹைர் மட்டும் என்னை நெடுநாளாகத் தெரிந்தவர். யாரையும் மாட்டிவிட அல்ல என்று நான் சத்தியம் பண்ணிய பிறகு, கிண்ணியாவில் அபூதாஹிர் என்று ஒருவரைப் போய்ப் பார்க்கச் சொன்னார்.

வியாழக்கிழமை கமலேஸ்வரியைக் கூட்டிக்கொண்டு கிண்ணியாத் துறைக்குப் போனேன். பாதை என்று அங்கே சொல்கிற மிதவைப்படகு அக்கரையில் நின்றது. அது வாகனத்தையும் சனத்தையும் ஏற்றிக்கொண்டு ஆமை வேகத்தில் இக்கரைக்கு வரும் வரைக்கும் அவள் துறையடியில் மேலும் கீழும் நடந்தாள். ஏறிய பிறகும் உட்காரவில்லை. பாதையின் ஒரு நுனியிலிருந்து மறுநுனிக்கு, லொறிக்கும் சைக்கிள்களுக்கும் இடையால் நடந்துகொண்டே இருந்தாள். இருங்கள் அக்கா, நீங்கள் நடப்பதால் பாதை கெதியாகப் போகாது என்றேன். காதில் விழவில்லை.

அபூதாஹிர் அறுபது தாண்டிய மனிதர். முற்றத்தில் வலையின் கிழிசலைப் பொத்திக்கொண்டிருந்தார். பொயிலர் என்ற சொல்லைக் கேட்டதும் முகம் மாறிவிட்டது. தனக்கு ஒன்றும் தெரியாது, தான் மீன்பிடிகாரன், இரும்பைப் பற்றி எவரோ பொய் சொல்லியிருக்கிறார்கள் என்றார். நான் சுற்றி வளைத்து ஏதோ சொல்லத் தொடங்கினேன். கமலேஸ்வரி என்னை விலக்கிவிட்டு முன்னால் போனாள்.

"நானா, எனக்கு இரும்பு வேண்டாம். அதுக்குப் பக்கத்தில என்ர பிள்ளையைத் தாட்டனாங்கள்."

அவர் கையிலிருந்த ஊசியைக் கீழே வைத்தார்.

"மேலால என்ன போட்டீங்க?"

"மஞ்சள் சூளைக்கல்லு."

"எத்தின வயசுப் புள்ள?"

"மூண்டு."

அவர் எழுந்து உள்ளே போய்விட்டார். அவ்வளவுதான், கதவைச் சாத்தப் போகிறார் என்று நினைத்தேன். ஒரு கதிரையைக் கொண்டுவந்து அவளுக்குப் போட்டார். அவள் இருக்கவில்லை, கதிரையின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் தன் வாயால் சொன்னதை என் நடையில் சொல்கிறேன். பொயிலர் புகைக்கூண்டடியில் இருக்கவே இல்லை. தொண்ணூறுக்கும் முன்னமே யாரோ அதை இழுத்துக்கொண்டு போகப் பார்த்து, வழியில் மண்ணில் புதைந்துபோக விட்டுவிட்டார்கள். சூளைக்கல் அதன் வயிற்றிலிருந்து கொட்டியதுதான். இவருடைய ஆட்கள் இரும்பை வெட்டி ஏற்றியபோது, பக்கத்தில் கற்கள் வரிசையாகப் பரவிக் கிடந்ததைக் கண்டார்கள். நல்ல கல், விலைபோகும் என்று ஒருவன் குனிந்தான். அபூதாஹிர் தடுத்துவிட்டார். சின்ன நீளம், முஸ்லிம்கள் அடக்குகிறபடி வடக்குத் தெற்காகக் கிடந்தது. தமிழாட்கள் எரிக்கிறவர்கள், புதைத்திருந்தால் அது எங்கள் பிள்ளையாகத்தான் இருக்கும், தொண்ணூறில் எங்கள் சனமும் இந்தக் காட்டால்தானே ஓடியது என்று நினைத்தாராம்.

"சின்னப் பிள்ளையை நாங்களும் எரிக்கிறேல்லை நானா," என்றாள் கமலேஸ்வரி.

"அது எனக்குத் தெரியாமப் போச்சு தங்கச்சி. கல்லை ஆராச்சும் கிண்டிக்கிட்டுப் போயிருவாங்க எண்டு மேலால மண்ணைப் போட்டு மூடினன். தலைமாட்டுக்கும் கால்மாட்டுக்கும் பூவரசங்கம்பு முறிச்சு மீஸான் நட்டன். அந்தப் பக்கம் போற நேரமெல்லாம் ஓதிட்டுத்தான் போறனான்."

பூவரசு என்ற சொல்லைக் கேட்டதும் வாய்க்காலின் வளைவு என் கண்முன்னே வந்தது. நான் கமலேஸ்வரியைப் பார்த்தேன். அவள் கதிரையை விட்டுவிட்டு அப்படியே நிலத்தில் உட்கார்ந்துவிட்டாள். எனக்குத் தெரிய அவள் முதன்முதலாக உட்கார்ந்தது அன்றைக்குத்தான்.

வெள்ளி காலை மூன்று பேருமாகச் சென்றியில் அட்டைகளைக் கொடுத்தோம். கீரை பிடுங்க இத்தனை பேரா என்று அங்கே நின்றவன் கேட்டான். இன்றைக்குக் கடைசி நாள் அல்லவா என்றேன். அவனும் தலையை ஆட்டி விட்டுவிட்டான். முள்ளுக்கம்பிச் சுருள்களை லொறியிலிருந்து இறக்கத் தொடங்கியிருந்தார்கள்.

அன்று கமலேஸ்வரி மெதுவாக நடந்தாள். நான்தான் அவதிப்பட்டேன். வளைவு வந்ததும் வழக்கம்போலச் செருப்பைக் கழற்றினாள். மற்ற ஓரத்துக்குப் போகவில்லை. இரண்டு பூவரசுக்கும் நடுவில் குந்தி, சருகை ஒதுக்கி, விரலால் மண்ணைச் சுரண்டினாள். அபூதாஹிர் நானா தொப்பியைப் போட்டுக்கொண்டு தள்ளி நின்றார். நான் சென்றிப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன். சுரண்டிய இடத்தில் மஞ்சள் தெரிந்தது. ஒரு கல்லின் மூலை. அவள் அதன்மேல் உள்ளங்கையை வைத்தாள்.

"தர்சி," என்று கூப்பிட்டாள். பிறகு கொஞ்சம் உரத்து, "தர்சினி."

யாரும் அவளுடைய வாயைப் பொத்தவில்லை. தாங்கிகளுக்கு மேலே ஹெலி சுற்றிக்கொண்டிருந்தது. அவள் தண்ணீர்ப் போத்தலைத் திறந்து முழுவதையும் அந்த மண்ணில் ஊற்றினாள். அன்றைக்குக் கொடுக்க முடியாமல் போன தண்ணீர் அது என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. அதுவரை எப்படியோ அடக்கிக்கொண்டு நின்ற நான் அழுதுவிட்டேன்.

அபூதாஹிர் நானா கிட்ட வந்து, தான் அறியாமல் செய்தது, அவளுக்கு விருப்பமில்லை என்றால் அந்த மரங்களைத் தானே வெட்டிவிடுவதாகச் சொன்னார். அவள் கைமண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"நிக்கட்டும் நானா. அதுகள் நிண்டபடியால்தானே மிசினும் விலகிப் போச்சு."

திரும்பி வரும்போது, சென்றி கண்ணுக்குத் தெரிகிற இடத்தில், அவள் நின்று வளைவுப் பக்கம் பார்த்தாள். அந்தத் தாயைப் பற்றி அன்று அவள் சொன்னது எனக்கு நினைவு வந்தது. அவளே சொன்னாள்.

"நான் அவளைப் பேசியிருக்கக் கூடாது தம்பி. அவள் ஒவ்வொரு நாளும் வந்தவள்தான்."